பயம்: பிதுரார்ஜிதமா, சுயார்ஜிதமா?

கார் நிக்கோபாருக்குக் கப்பலில் வந்து இறங்குகிற ஊருக்கு மூஸ் என்று பெயர். தீவின் வடக்குக் கோடி. விலங்கியல்காரர்கள் சுண்டெலிக்கு வைத்திருக்கும் பெயரும் மூஸ்தான்: மூஸ் மஸ்குலஸ். அந்த லத்தீன் மூஸும் நம்ம பிள்ளையாரின் மூஷிகமும் ஒரே வேரிலிருந்து கிளைத்த சொற்கள். நிக்கோபாரி மூஸுக்கும் எலிக்கும் பெயர் ஒற்றுமை தவிர வேறு சம்பந்தம் கிடையாது. ஆனாலும் இந்தத் தீவில் உட்கார்ந்து எலிக்கதை எழுத வேறு என்ன சாக்கு வேண்டும்?

சாக்கு வேண்டாம், காரணமே இருக்கிறது.

இங்கே பூமி அடிக்கடி லேசாக ஆடும். வந்த புதிதில் எனக்கு வயிற்றைப் பிசையும். இப்போது மின்விசிறியை நிமிர்ந்து பார்த்துவிட்டு, அது நின்றதும் லெட்ஜரைப் பார்க்கிற அளவுக்குத் தேறிவிட்டேன். போன தடவை ஆடியபோது எங்கள் கிளையில் ஒரு வாடிக்கையாளர் இருந்தார். நம்ம ஊர் வம்சாவளி, போர்ட் பிளேரில் பிறந்தவர், இங்கே அரசு அலுவலகத்தில் வேலை. கூட அவருடைய பையனும் வந்திருந்தான். விசிறி ஆட ஆரம்பித்த அடுத்த நொடி பையனைக் காணோம். வாசலைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி, மேட்டுப் பக்கம் ஓடிவிட்டான். அம்மா மட்டும் அதே இடத்தில் பேனாவும் கையுமாக நின்றுகொண்டிருந்தார்.

26 டிசம்பர் 2004 ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு அவர் மலாக்காவில் அப்பாவின் குவார்ட்டர்ஸில் இருந்தவர். கார் நிக்கோபார் தட்டையான தீவு, ஓடி ஏற மலை கிடையாது. பூமி ஆடி முடித்த சில நிமிடங்களிலேயே கடல் உள்ளே வந்துவிட்டது. மலாக்கா ஊரே போயிற்று. விமானப்படைத் தளத்தில் மட்டும் வீரர்களும் குடும்பத்தினருமாக நூறு பேருக்கு மேல் போனார்கள். இவர் காட்டுக்குள் ஓடித் தப்பித்தவர். பையன் பிறந்தது 2009-ல். அலையை அவன் பார்த்ததே இல்லை.

"நான் பார்த்தேன், எனக்குப் பயம் இருந்தா நியாயம். இவன் எதைப் பார்த்தான் சார்? என் ரத்தத்துல இருந்து போயிருக்குமோ?" என்று கேட்டார்.

நானும் சும்மா இருக்காமல், "அதெல்லாம் ஜீன்லயே போயிருக்கும் மேடம்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டேன். அவர் முகம் மாறியதைப் பார்த்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. தெரியாத விஷயத்தில் கையெழுத்துப் போடக்கூடாது என்பது எங்கள் தொழிலின் பாலபாடம். அன்று போட்டுவிட்டேன். அதைச் சரிபார்க்கப் போய்த்தான் எலிகளிடம் மாட்டிக்கொண்டேன்.

(டிஸ்கி: அடியேன் பி.காம். உயிரியலோடு உறவு பத்தாம் வகுப்போடு முடிந்தது. விவரம் தெரிந்தவர்கள் பொறுத்தருள்க.)

வீட்டுக் கடனுக்குப் பத்திரம் பார்க்கும்போது முதல் கேள்வியே, சொத்து பிதுரார்ஜிதமா, சுயார்ஜிதமா என்பதுதான். பாட்டன் சொத்தா, சொந்தச் சம்பாத்தியமா? பயத்தைப் பற்றி இதே கேள்வியை மனிதர்களிடம் கேட்டுப் பதில் வாங்கவே முடியாது. நமக்கு ரத்தத்தைக் கொடுப்பவர்களும் வளர்ப்பவர்களும் பெரும்பாலும் ஒரே ஆட்கள். கணக்கைப் பிரிக்க வழியில்லை. எலியில் பிரிக்கலாம்.

கதை ஒரு ஓய்வு பெற்ற டீச்சரிடம் தொடங்குகிறது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலம், கிரான்பி என்ற சின்ன ஊர். ஏபி லேத்ராப் என்ற அந்தப் பெண்மணி, 1900 வாக்கில் வீட்டிலேயே சுண்டெலிப் பண்ணை வைத்தார். வேடிக்கைக்காக எலி வளர்ப்பவர்கள் அப்போது அங்கே நிறைய உண்டு. பிறகு ஹார்வர்ட் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்களும் வாங்க ஆரம்பித்தார்கள். அவருடைய எலிகளில் 57-ம் எண் பெண்ணையும் 52-ம் எண் ஆணையும் சேர்த்து 1921-ல் கிளாரன்ஸ் லிட்டில் என்பவர் ஒரு வம்சம் தொடங்கினார். அண்ணன் தங்கையையே தலைமுறை தலைமுறையாகச் சேர்த்துக்கொண்டு போனால், இருபது தலைமுறைக்குப் பிறகு அந்த வம்சத்து எலிகள் எல்லாம் கிட்டத்தட்ட இரட்டைப் பிள்ளைகள் மாதிரி ஆகிவிடும். இந்தக் கறுப்பு எலிக்குப் பெயர் சி57 பிளாக் 6. இன்றைக்கு உலகத்தில் அதிகம் பயன்படும் ஆய்வக எலிகளில் ஒன்று.

இன்னொரு வம்சம் வெள்ளை. ஹால்ஸி பேக் என்பவர் 1913-ல் ஒஹாயோ மாநிலத்து வியாபாரி ஒருவரிடம் வாங்கிய வெள்ளை எலிகளின் சந்ததி. பேக்கின் பெயரையும் அல்பினோவையும் ஒட்டிப் போட்டு "பால்ப் சி" ஆக்கிவிட்டார்கள். கறுப்பு துணிச்சல்காரன், வெள்ளை பயந்தாங்கொள்ளி. ஆய்வகத்துக்கு ஆய்வகம் இதுதான் பேச்சு.

கொசுறு தகவல்: லிட்டில் 1929-ல் பார் ஹார்பர் என்ற ஊரில் ஜாக்சன் ஆய்வகத்தைத் தொடங்கினார். 1947-ல் காட்டுத் தீ வந்து கட்டடமும் எலிகளும் ஏறக்குறைய எல்லாம் போயின. அதற்கு முன்பு அங்கிருந்து எலி வாங்கிப்போன விஞ்ஞானிகள், அவற்றின் வாரிசுகளைத் திருப்பி அனுப்பி வைத்து வம்சங்களை மீட்டார்கள்.

நிற்க. எலிக்குப் பயம் என்று எப்படித் தெரியும்? 1934-ல் கால்வின் ஹால் என்ற உளவியல்காரர் ஒரு வழி கண்டுபிடித்தார். வெளிச்சமான, சுற்றிலும் சுவர் வைத்த வெற்றுக் களத்தில் எலியை விட வேண்டும். பயந்தது ஓரமாக உறைந்து நிற்கும், கழியும். புழுக்கையை எண்ணிக் கணக்கு எழுதினார்கள். சிரிக்காதீர்கள், பயத்தில் வயிறு கலங்குவது நமக்குத் தெரியாததா என்ன.

கொலராடோவில் ஜான் டெஃப்ரீஸ் குழுவினர் இந்தக் களத்தை வைத்து நீண்ட வேலை ஒன்று செய்தார்கள். கறுப்பையும் வெள்ளையையும் கலந்து பிறந்தவற்றில், அதிகம் ஓடியவற்றை ஓடியவற்றோடும், உறைந்தவற்றை உறைந்தவற்றோடும் சேர்த்துக்கொண்டே வந்தார்கள். 30 தலைமுறை முடிந்து 1978-ல் முடிவை வெளியிட்டபோது இரண்டு சந்ததிகளும் மலைக்கும் மடுவுக்குமாக விலகியிருந்தன. ஆக, பிதுரார்ஜிதம் உண்டு. இதில் மறுப்பதற்கு எதுவும் இல்லை.

ஆனால் இதே டெஃப்ரீஸ் 1966-ல் இன்னொன்றும் காட்டியிருந்தார். வெள்ளை எலிக்குக் கண்ணில் நிறமி கிடையாது, பளீர் வெளிச்சம் கூசும். களத்தில் சிவப்பு விளக்கைப் போட்டதும் வெள்ளைக்கும் மற்றவற்றுக்கும் இருந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. அந்த எலிகள் வாங்கியிருந்த கோழைப் பட்டத்தில் ஒரு பங்கு கண்கூச்சத்துக்குச் சேரவேண்டியது. நம் வீட்டுக் குழந்தைகளுக்கு நாம் எத்தனை பட்டம் கொடுத்திருப்போம், எந்த வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துக் கொடுத்தோம் என்று யோசித்தேன்.

வளர்ப்புப் பக்கக் கணக்கைத் திறந்தவர் சீமோர் லெவின். 1950-களில், பிறந்த எலிக்குட்டிகளுக்குச் சின்ன மின் அதிர்ச்சி கொடுத்தால் பெரிதானதும் பயந்தவையாக இருக்குமா என்று பார்க்கப் போனார். ஒரு கூட்டத்துக்கு அதிர்ச்சி. ஒரு கூட்டத்தைத் தினமும் சில நிமிடம் கூட்டிலிருந்து எடுத்து வைத்துத் திருப்பி விட்டார். இன்னொரு கூட்டத்தைத் தொடவே இல்லை. கடைசியில் பயந்து நடுங்கியவை தொடாமலே விட்ட குட்டிகள்! மற்ற இரண்டு கூட்டமும் தெம்பாக இருந்தன. ஏன் என்பதற்குப் பல வருடம் கழித்து வந்த விளக்கங்களில் ஒன்று: எடுத்து வைத்த குட்டி திரும்பி வந்ததும் தாய் அதை விழுந்து விழுந்து நக்கிக் கொடுத்திருக்கிறது.

(லெவினுடையவை பெரிய எலிகள், சுண்டெலி அல்ல. கீழே வரும் மீனியும் பெங்களூரும் பெரிய எலிகள்தான்.)

1999-ல் ஜான் கிராப்பும் நண்பர்களும் செய்தது எனக்கு மிகவும் பிடித்தது. ஆல்பனி, எட்மன்டன், போர்ட்லாந்து என்று மூன்று ஊர் ஆய்வகங்கள். ஒரே வம்சத்து எலிகள், ஒரே கருவி, ஒரே தீனி, உள்ளூர் நேரப்படி ஒரே மணிக்கு ஆரம்பம். முடிந்தவரை எல்லாமே ஒன்று. அப்படியும் சில சோதனைகளில், முக்கியமாகப் பயத்தை அளக்கும் உயர்ந்த சிலுவை மேடையில், ஊருக்கு ஊர் விடை வேறு. எட்மன்டனில் சோதனை செய்தவருக்கு எலி ஒவ்வாமையாம், மூச்சுக் கவசம் மாட்டிக்கொண்டுதான் வேலை பார்த்திருக்கிறார். எலி அவரைப் பார்த்து என்ன நினைத்ததோ! ஒரே சர்க்குலரை மூன்று கிளைக்கு அனுப்பினால் மூன்று விதமாக நடப்பதைப் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

இனிமேல்தான் அந்த அம்மாவின் கேள்விக்கு நேரான இடம். 2003-ல் டார்லின் ஃபிரான்சிஸும் தாமஸ் இன்செல் குழுவினரும் செய்த சோதனை. கறுப்பு எலியின் கருவை, உருவான சில மணி நேரத்திலேயே எடுத்து வெள்ளைத் தாயின் கருப்பையில் வைத்தார்கள். பிறந்ததும் சில குட்டிகளை வெள்ளைத் தாயே வளர்த்தது, சிலவற்றைக் கறுப்புத் தாய் வளர்த்தது. கறுப்புத் தாய் வயிற்றில் பிறந்து வெள்ளைத் தாயிடம் வளர்ந்தவையும் உண்டு. எல்லாக் குட்டிகளின் மரபணுவும் ஒன்றே, நூறு சதம் துணிச்சல்கார வம்சம்.

வெள்ளை வயிற்றில் இருந்து, வெள்ளைத் தாயிடமே வளர்ந்த கறுப்புக் குட்டிகள் பெரிதானதும் வெள்ளை மாதிரியே நடந்துகொண்டன. களத்தில் தயங்கின, மேடையில் ஒதுங்கின. வயிறு மட்டும் மாறினால் போதவில்லை. வளர்ப்பு மட்டும் மாறினாலும் போதவில்லை. இரண்டும் சேர்ந்தால்தான் நடந்தது. ஒரே மரபணுவை வைத்துக்கொண்டு, பெற்ற வயிறும் வளர்த்த கையுமாகச் சேர்ந்து பயத்தை உண்டாக்கிவிட்டன. "ரத்தத்திலேயே வந்தது" என்று நாம் சொல்வதில் எத்தனை இந்தக் கணக்கைச் சேர்ந்ததோ!

காலமும் முக்கியம். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ரெனே ஹென் குழு 2002-ல் காட்டியது இது: செரடோனின் 1ஏ என்ற ஏற்பி இல்லாத சுண்டெலி கவலைக்காரனாக வளரும். பிறந்த முதல் சில வாரங்களில் அது முன்மூளையில் வேலை செய்துவிட்டால், வளர்ந்த பிறகு அதை அணைத்தாலும் எலி சாதாரணமாகவே இருக்கும். குட்டிப் பருவத்தில் இல்லாமல் போனதைப் பிற்பாடு கொடுத்தால் பிரயோஜனம் இல்லை.

அப்படியானால் வளர்ப்பு எங்கே போய் உட்காருகிறது? கனடாவில் மெக்கில் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் மீனியும் மோஷே ஸிஃபும் 2004 நடுவில், சுனாமிக்குச் சில மாதம் முன்பு, வெளியிட்ட கட்டுரை அதைத்தான் சொன்னது. குட்டியை நிறைய நக்கிக் கொடுக்கும் தாய்கள் உண்டு, குறைவாக நக்கும் தாய்களும் உண்டு. குறைவாக நக்கப்பட்ட குட்டியின் மூளையில், அதிர்ச்சியை அடக்கும் ஒரு மரபணுவின் மேல் மீத்தைல் என்ற சின்ன வேதிப்பொருள் ஒட்டிக்கொண்டு அதைச் சரியாக வேலை செய்ய விடாமல் வைக்கிறது. முதல் வாரத்திலேயே வித்தியாசம் தெரிகிறது. குட்டியை நன்றாக நக்கும் தாயிடம் மாற்றி விட்டால் அடையாளமும் மாறுகிறது. வளர்ந்த எலிக்கே ஒரு மருந்து கொடுத்து அந்த அடையாளத்தை மாற்றியும் காட்டினார்கள்.

வங்கிக்காரர்களுக்கு இது சட்டென்று புரியும். லீன் மார்க்! கணக்கில் பணம் அப்படியே இருக்கும், பாஸ்புக்கில் எழுத்து ஒன்றும் மாறியிருக்காது. ஆனால் லீன் போட்டிருந்தால் எடுக்க முடியாது. உரிய அனுமதி வந்தால் லீனை நீக்கலாம். இன்னொன்று: குறைவாக நக்கப்பட்ட பெண் குட்டி தானும் குறைவாக நக்கும் தாயாகிறது. குட்டியை மாற்றி வளர்த்தால் சங்கிலி அறுந்துவிடுகிறது என்று ஃபிரான்சிஸும் மீனியும் 1999-லேயே காட்டியிருந்தார்கள். பார்ப்பதற்குப் பாட்டன் சொத்து போலவே தலைமுறை தாண்டி இறங்கிக்கொண்டிருந்தது, பத்திரத்தில் மட்டும் பெயரே இல்லை.

நம்ம நாட்டுக்கு வருவோம். பெங்களூர் என்.சி.பி.எஸ்.ஸில் அப்போது இருந்த சுமந்திர சட்டர்ஜி, நிம்ஹான்ஸின் சங்கரநாராயண ராவ் ஆகியோரின் குழு 2002-ல் வெளியிட்டது: தினமும் இரண்டு மணி நேரம் வீதம் பத்து நாள் எலியை அசையவிடாமல் அடக்கி வைத்தால், நினைவுக்கான ஹிப்போகாம்பஸில் நரம்புக் கிளைகள் சுருங்குகின்றன. பயத்துக்கான அமிக்டலாவில் கிளைகள் வளர்கின்றன. 2004-ல் அடுத்தது: 21 நாள் நிம்மதியாக விட்டுப் பார்த்தும் அமிக்டலாவில் வளர்ந்தது வளர்ந்தபடியே இருந்தது, பதற்றமும் போகவில்லை.

2005-ல் வந்ததைப் படித்தபோது எனக்கு வேறொரு ஞாபகம் வந்தது. இந்தத் தடவை எலியை அடக்கி வைத்தது ஒரே ஒரு தடவை, இரண்டு மணி நேரம். மறுநாள் பார்த்தால் ஒன்றுமே இல்லை. பத்தாவது நாள் பார்த்தால் அமிக்டலா நரம்புகளில் புதிய முட்கள் முளைத்திருந்தன, எலி பதற்றமாகியிருந்தது.

அந்தப் பெண்மணி முன்பு ஒரு நாள் சொல்லியிருந்தார். காட்டில் கழித்த இரவுகளில் அழவில்லையாம். முகாமுக்கு வந்து நாலைந்து நாள் அத்தனை பேருக்கும் கஞ்சி காய்ச்சினாராம். "பத்துப் பதினைஞ்சு நாள் கழிச்சு, எல்லாம் அடங்கினப்புறம், தகரத்து மேல மழை பெய்ஞ்சுது சார். அன்னிக்குத்தான் உடம்பு நடுங்க ஆரம்பிச்சுது." எலியையும் இவரையும் ஒன்றாக்கி முடிவு கட்ட எனக்குத் தகுதியில்லை. சோதனையில் அடக்கி வைத்த எலிகளும் பாவம்தான். ஆனால் "அப்ப பயப்படாதவ இப்ப ஏன் நடிக்கிறே" என்று அவருடைய சொந்தத்தில் யாரோ கேட்டார்களாம். அவர்களிடம் அந்தக் கட்டுரையை நீட்டவேண்டும் போல இருந்தது.

சுனாமிக்குப் பிறகு நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் போர்ட் பிளேர், கார் நிக்கோபார் முகாம்களுக்கு வந்து வேலை பார்த்தார்கள். நோய் பயந்த அளவுக்கு இல்லை, கூட்டுக் குடும்பமும் ஊர்க்கட்டும் தாங்கிப் பிடித்திருக்கலாம் என்பது அவர்கள் எழுதியதின் சாரம். இங்கே நிக்கோபாரிகளுக்குத் துஹேத் என்று பெரிய கூட்டுக் குடும்பம் உண்டு. குழந்தை எந்த மடியில் இருக்கிறது என்று தேடித்தான் பிடிக்கவேண்டும். மாற்றலாகி மாற்றலாகிப் போகும் என்னைப் போன்றவர்களின் வீட்டிலோ இருப்பது இரண்டே மடி.

மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் விதிதா வைத்யாவின் குழு, தாயிடமிருந்து தினமும் சில மணி நேரம் பிரித்த எலிக்குட்டிகள் பதற்றத்தோடு வளர்வதைப் பார்த்தது. அந்தப் பிரிவு நாட்களிலேயே செரடோனினின் ஒரு வகை ஏற்பியை மருந்தால் தடுத்துவிட்டால் பிற்பாடு பதற்றம் வருவதில்லை என்று 2011-ல் எழுதினார்கள்.

நியாயமாக எதிர்த்தரப்பையும் சொல்லவேண்டும். 2014-ல் பிரையன் டயஸ், கெர்ரி ரெஸ்லர் இருவரும் ஆண் சுண்டெலிகளுக்கு ஒரு வாசனையைக் காட்டி அதிர்ச்சி கொடுத்தார்கள். அந்த வாசனையை அதுவரை முகர்ந்தே பார்க்காத பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அதற்குத் துணுக்குற்றன. விந்தணுவை மட்டும் எடுத்துச் செயற்கைக் கருத்தரிப்பு செய்தும் பார்த்தார்கள். "என் ரத்தத்தில் இருந்து போயிருக்குமோ" என்ற கேள்விக்கு ஆமாம் சொல்வது போல இருக்கிறதல்லவா? உலகம் முழுக்கச் செய்தி ஆனது. புள்ளிவிவரம் நம்ப முடியாத அளவுக்குச் சுத்தமாக இருக்கிறது என்று சந்தேகப்பட்டவர்களும் உண்டு. தணிக்கைக்கு வரும் கணக்கு ரொம்பச் சுத்தமாக இருந்தால் எங்களுக்கும் அந்தச் சந்தேகம் வரும். எப்படி இருந்தாலும், மனிதரில் அப்படி நடக்கிறது என்று இதைக் காட்டி யாரும் சத்தியம் செய்ய முடியாது. நான் கவுன்ட்டரில் உட்கார்ந்து செய்தேன்.

போன வாரம் அவர் டெபாசிட்டைப் புதுப்பிக்க வந்தார். அன்று சொன்னது தவறு என்று ஒப்புக்கொண்டு, கறுப்புக் கரு வெள்ளை வயிற்றில் வளர்ந்த கதையை முடிந்தவரை சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"தினமும் படுக்கிறதுக்கு முன்னாடி அவன் செருப்பையும் டார்ச்சையும் வாசப் பக்கம் திருப்பி வைப்பேன் சார். அவன் தவழுற வயசிலேர்ந்து. இன்னிக்கும் நான்தான் வைக்கிறேன்."

"நல்ல பழக்கம்தானே மேடம், இந்த ஊரில் வைக்கத்தானே வேணும்" என்றேன். மனப்பூர்வமாகத்தான் சொன்னேன். ஆடியதும் மேட்டுக்கு ஓடியவன் செய்ததுதான் சரி. பேனாவோடு நின்ற நாங்கள் செய்ததுதான் தப்பு.

கொஞ்ச நேரம் கழித்து, "அந்த வெள்ளை எலி கெட்ட அம்மாவா சார்?" என்று கேட்டார்.

இல்லை என்றேன். கறுப்புத் தாயை விட அது குட்டியைக் குறைவாகத்தான் நக்குகிறது என்று எழுதியிருக்கிறார்கள். ஆனால் அதுவும் அப்படி ஒரு தாயிடம் வளர்ந்ததுதான், கண் கூசுகிற வெளிச்சத்தில். சிவப்பு விளக்குக் கதையையும் சொல்ல ஆரம்பித்தேன். அதற்குள் அவர் டோக்கன் எண்ணைக் கூப்பிட்டுவிட்டார்கள். ரசீதில் வாரிசுதாரர் பெயர் சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டு எழுந்து போனார்.